டோடோவின் நிழலில் மறைந்த பேரரணை

மொரீஷியஸில் அற்றுப்போன டோடோ பறவைக்குக் கிடைத்த புகழில் சிறு பங்குகூட, அதே காட்டில் வாழ்ந்து மறைந்த பேரரணைக்குக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் குறை. மார் ஓ சோஞ்ச் சதுப்பு போன்ற இடங்களில் கிடைத்த எலும்புகளால் மட்டுமே நாம் அறிந்துள்ள அந்த விலங்கை, கப்பல்களில் வந்திறங்கிய எலிகளே அழித்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

அதன் உறவான டெல்ஃபேர் அரணையோ, மொரீஷியஸை ஒட்டிய, எலிகள் எட்டாத ரவுண்ட் தீவில், ஆடுகளும் முயல்களும் செடிகொடிகளை மேய்ந்து தீர்த்த காலத்தையும் கடந்து, இன்றுவரை பிழைத்திருக்கிறது. முயல்கள் 1986இல்தான் ஒழிக்கப்பட்டன. ‘அரணை கடித்தால் மரணம்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும், பூச்சியும் பழமும் தின்னும் இதற்கு நஞ்சில்லை. பின்னர் சில அரணைகள் மாயேபூருக்கு அருகிலுள்ள இல் ஓ எக்ரெத் தீவிலும் விடப்பட்டதால், படகேறிச் சென்று அவற்றைப் பார்க்கலாம்.