சித்திரைத் தேர் ஓடும் மாசி வீதி

நேற்று ராத்திரிதான் மதுரையிலிருந்து திரும்பினேன். கால்வலி இன்னும் விடவில்லை, ஆட்டோவுக்குக் கொடுத்த 150 ரூபாயும் மனசை விட்டுப் போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாட்டுத்தாவணியில் விடிகாலை இறங்கியதும், நானும் சித்தி மகளும் பிங்க் முகப்பு டவுன் பஸ்ஸில் ஏறிப் பெரியார் பஸ் நிலையம் வந்துவிட்டோம். பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை, அதுவரை செலவே கிடையாது. லாட்ஜ் இருந்தது மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில். ஆட்டோக்காரரிடம் கேட்டோம். "அங்குட்டு ஒன்வேக்கா, சுத்தித்தான் போகணும்" என்று 200 சொன்னார். பேசிப் பேசி 150-க்கு வந்தது. வண்டி மேல வெளி வீதி, வடக்கு வெளி வீதி, வடக்கு மாசி வீதி, மேல மாசி வீதி என்று ஒரு பஞ்சாங்கத்தையே புரட்டிவிட்டு லாட்ஜ் வாசலில் நின்றது. சாயங்காலம் அதே இடத்திலிருந்து நடந்து பார்த்தோம். பஸ் நிலையம் ஆறு நிமிஷம்! இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடுகிற காசு அது. வீதிப் பெயர் புரியாமல் வெளியூர்க்காரர்கள் முழிப்பதைப் பார்த்துப் பிடுங்கிய காசு என்றுதான் சொல்வேன்.

அதனால் பெயர்களைப் புரிந்துகொள்ளாமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்தோம். இந்தப் பயணத்தில் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

விஷயம் இதுதான். மீனாட்சியம்மன் கோயில் நடுவில். மதிலுக்கு உள்ளேயே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் சதுரமாகக் கோயிலைச் சுற்றி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் நாலு திசை. மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. வீதி மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். இது மனசில் ஏறிவிட்டால் மேப்பே தேவையில்லை. யாராவது "தெற்காவணி மூல வீதி" என்றால், கோயிலுக்குத் தெற்கே, வெளியிலிருந்து வந்தால் மூன்றாவது சுற்று, கோபுரத்தை இடப்பக்கமோ வலப்பக்கமோ வைத்துக்கொண்டு நடந்தால் போதும். அங்கே முழுக்க நகைக்கடை, பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கடந்துவிட்டோம்.

மறுநாள் காலை கீழ மாசி வீதிக்குப் போனோம். மளிகை மொத்த வியாபாரம் நடக்கிற இடம். வத்தல் மூட்டை இறங்கும் நெடியில் கண் எரிந்தது. அந்தச் சந்தடிக்கு நடுவே தேர்முட்டி. சுற்றிலும் மறைப்பு போட்டுத் தேரை நிறுத்தியிருக்கிறார்கள். இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். எண்ணெய் ஏறிக் கறுத்த மரத்தில் அடுக்கடுக்காகச் சிற்பம், கீழே என் தோள் உயரத்துக்குச் சக்கரம், அதன் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன செவ்வரளிப் பூ. பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம், "சித்திரைத் திருவிழாத் தேர் எதுக்குங்கய்யா மாசி வீதியில நிக்குது?" என்று கேட்டேன்.

"தாயி, கல்யாணம் நடந்ததே மாசியிலதான்" என்றார். "நாயக்கர்தான் சித்திரைக்கு மாத்துனாரு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்த ஊரில் எந்த மாசம் சாமி எந்த வீதியைச் சுற்றியதோ, அதுவே அந்த வீதிக்குப் பெயராகியிருக்கிறது. திருமலை நாயக்கர் மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேரையும் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார். அதற்கு முன் அழகர் இறங்கியது தேனூர்ப் பக்கம் என்கிறார்கள். விழா இடம் மாறியது, மாசம் மாறியது, வீதி மட்டும் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாயக்கர் ஆண்டது 1623-லிருந்து 1659 வரை. இன்றைக்கும் சித்திரையில் தேர் ஓடுவது மாசி வீதியில்!

ஆவணி மூலமும் இப்படித்தான். வந்திக் கிழவிக்காகச் சிவன் புட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்ட விழா ஆவணி மூல நாளில். ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பு என்றே ஓர் இடம் இருக்கிறது, விழாவன்று சாமி அங்கே போகிறார். ஒரு பலகாரத்தின் பேரில் இவ்வளவு பக்தியோடு இடம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

வெளி வீதி இவற்றில் இளையது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். அந்த வேலையை மேற்பார்த்தவர்கள் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும். ஒரு மேஸ்திரி பெயர் இத்தனை வருஷம் லாட்ஜ் முகவரிகளில் வாழ்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கலெக்டருக்கு நட்ட விளக்குதான் விளக்குத்தூண்.

விளக்குத்தூண் போனால் ஜிகர்தண்டா குடிக்காமல் வரக்கூடாது. பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். ஜிகர் என்றால் ஈரல், நெஞ்சு என்றும் வைத்துக்கொள்ளலாம். தண்டா என்றால் குளிர்ச்சி. அந்த வெயிலுக்குப் பெயர் அப்படியே பொருந்துகிறது. பட்ஜெட்டில் இல்லாத இரண்டாவது கிளாஸும் உள்ளே போனது, வருத்தமே இல்லை.

அங்கிருந்து பத்துத்தூண் சந்து பக்கம்தான். துணிக்கடைகளுக்கு நடுவே, நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய பத்துக் கல்தூண்கள். ஒரு தூணை இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியவில்லை. அதை ஒட்டிப் பைக் நிறுத்துகிறார்கள், போஸ்டர் ஒட்டுகிறார்கள். இதைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. திருமலை நாயக்கர் மகாலுக்கு டிக்கெட் வைத்துக் காட்டுகிறோமே, இதற்கு ஒரு வேலி போடக்கூடாதா?

எழுகடல் தெருவுக்கும் போனோம். மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட, ஏழு கடலையும் இங்கே வரவழைத்தார் சிவன் என்று திருவிளையாடல் சொல்கிறது. இப்போது அங்கே கடைகள்தான், தண்ணீரைக் காணோம்.

சிம்மக்கல்லில் கல் சிங்கம், யானைக்கல்லில் கல் யானை, இரண்டையும் பார்த்தாயிற்று. கோரிப்பாளையத்தில் கோரி என்பது தர்காவில் உள்ள சமாதியைக் குறிக்கிறது. மாட்டுத்தாவணியில் வரும் தாவணி நாம் உடுத்துகிற தாவணி அல்ல. மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிறு, மாட்டுச் சந்தை என்று பொருள். நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் கண்டக்டர் ஒருத்தர்கூட அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: பழைய நகரத்துக்குள் ஆட்டோவே வேண்டாம், நாலு சதுரமும் நடை தூரம்தான்.

திரும்பும் பஸ் மேலூர் ரோட்டில் ஒத்தக்கடையில் நின்றது. ஒரு காலத்தில் ஒரே ஒரு கடை இருந்த ஊர் என்று பெயரே சொல்கிறது. யானைமலை இருட்டில் கரேலென்று படுத்திருக்க, ஜன்னல் வழியாக இரண்டு பேரும் கடைகளை எண்ண ஆரம்பித்தோம். 43 வரை வந்திருந்தோம், பஸ் கிளம்பிவிட்டது.