சேப்பாக்கம் கிளம்புறதுக்கு முன்னாடி போனைக் கவனிங்க

கிரிக்கெட் மேட்ச் பார்க்க ஸ்டேடியத்தோட வாலாஜா சாலை கேட் வந்ததும் டிக்கெட் ஆப்பைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்கும். சிக்னல் முழுசா காட்டும், டேட்டா வராது. ஆயிரக்கணக்கான போன் ஒரே டவரைப் பிடிச்சுத் தொங்கினா அப்படித்தான். வீட்டு வைஃபையிலேயே டிக்கெட்டைத் திறந்து வெச்சிடுங்க. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீங்க. சில ஆப்கள்ல க்யூஆர் கோடு மாறிக்கிட்டே இருக்கும், பழைய படம் செல்லாது. ஸ்கேனர்கிட்ட பிரைட்னஸை முழுசா ஏத்துங்க.

பவர் பேங்க்கை வாசல்லயே நிறுத்திடுவாங்க, அதனால 100% சார்ஜ். யுபிஐ பாதியில தொங்கும், கையில 500 ரூபாய்க்குச் சில்லறை வேணும்.

உள்ளே உட்கார்ந்து லைவ் ஸ்ட்ரீம் பார்க்கிறது வீண். அவுட்டான ஆள் பெவிலியனுக்கு நடந்துக்கிட்டிருப்பார். போன்ல பவுலர் இப்பதான் ஓடி வருவார். ரீப்ளேக்கு பெரிய திரையே போதும்.