ஹோமுக்கு 385, வாருக்கு 40: நான் போட்ட தப்புக் கணக்கு

முதல் சர்வரை நிறுவும்போது கையில் 500 ஜிபி டிஸ்க். லினக்ஸ் அதை 465 என்றுதான் காட்டும். தயாரிப்பவர் 1000-ஆல் பெருக்குகிறார், இது 1024-ஆல் வகுக்கிறது. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து, சிஸ்டம் உட்காரும் ரூட்டுக்கு (/) 30, மெமரி போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்கு 8, புரோகிராம்களின் டேட்டா சேரும் வாருக்கு (/var) 40, சிஸ்டம் தொடங்கத் தேவையான பூட்டுக்குக் (/boot) கொஞ்சம் என்று கிள்ளிக் கொடுத்துவிட்டு மிச்சம் 385-ஐயும் பயனர்களின் சொந்தக் கோப்புகளுக்கான ஹோமுக்குத் (/home) தூக்கிக் கொடுத்தேன். டெஸ்க்டாப் புத்தி.

அந்தச் சர்வரில் பயனர் என்று இருந்தது நான் ஒருவன்தான். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் டேட்டா, புரோகிராம்களைப் பொட்டலமாக ஓட்டும் டாக்கரின் இமேஜ்கள், நடப்பதைக் குறித்து வைக்கும் லாக் எல்லாமே சொல்லாமல் போய் விழுவது வாருக்குள். நாலாவது மாதம் ஒரு ராத்திரி, எழுத இடமில்லாமல் டேட்டாபேஸ் நின்றுவிட்டது. எந்தப் பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் (df) கட்டளையை அடித்துப் பார்த்தால் வார் 100%, ஹோம் 3%.

பதற்றத்தில் பெரிய லாக் கோப்பு ஒன்றை அழித்தேன். ஒரு எம்பிகூடத் திரும்பவில்லை! ஒரு புரோகிராம் அதைத் திறந்தே வைத்திருந்ததால் பெயர் மட்டும் போயிருந்தது, இடம் போகவில்லை. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ (du) ஒரு கணக்கும் டிஎஃப் வேறு கணக்கும் சொன்னால் முதலில் இதைத்தான் பார்ப்பேன், இப்போதெல்லாம். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் மூச்சு வந்தது.

சரி, ஹோமைச் சுருக்கலாம் என்றால் அது எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்ற ஃபைல் சிஸ்டம். வளர்க்கலாம், சுருக்க வழியில்லை. இஎக்ஸ்டி4 (ext4) ஃபைல் சிஸ்டம் என்றால் அன்மவுண்ட் செய்தாவது, அதாவது கழற்றி வைத்தாவது, சுருக்கியிருக்கலாம். பேக்கப் எடுத்து, டிஸ்க்கைத் துடைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்த முறை ஊகிக்கவில்லை. துடைப்பதற்கு முன் மூன்று வாரம் டியூ போட்டுக் குறித்து வைத்திருந்தேன். டேட்டாபேஸ் 25 ஜிபி இருந்தது, வாரத்துக்கு ஒன்றரை ஜிபி ஏறியது. வருஷத்துக்கு 78, ஆக 103. அதற்கென்றே 120-இல் தனி வால்யூம். லாக் பொங்கி வழிந்தாலும் டேட்டாபேஸ் மூழ்காது. வாருக்கு 50, ரூட்டுக்கு அதே 30, ஸ்வாப்புக்கு அதே 8, ஹோமுக்கு வெறும் 20. பூட்டுக்கு 1 ஜிபி, பழைய கர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி) அங்கே சேர்ந்துகொண்டே போகும். பூட்டும், கணினி தொடங்க உதவும் சிறிய இஎஃப்ஐ (EFI) பகுதியும் தவிர எல்லாம் எல்விஎம் (LVM) மேல்; பகுதிகளின் அளவைப் பிறகு மாற்ற விடும் ஏற்பாடு அது. அவற்றில் ஸ்வாப் தவிர எல்லாம் இஎக்ஸ்டி4. மிச்சம் 235 ஜிபியை யாருக்கும் கொடுக்கவில்லை. இன்ஸ்டாலர் எல்லாவற்றையும் பிரித்துத் தரத் துடிக்கும், விடவில்லை.

இஎக்ஸ்டி4 ரூட் பயனருக்கென்று, அதாவது சிஸ்டத்தின் நிர்வாகிக்கென்று, 5% ஒதுக்கி வைப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. 120-இல் அது 6 ஜிபி. டேட்டாபேஸ் வால்யூமில் மட்டும் அதை 1% ஆக்கினேன். ரூட்டிலும் வாரிலும் கை வைக்கவில்லை.

போன மாதம் டாக்கர் பெருத்து, வாருக்கு 20 ஜிபி கூட்ட வேண்டி வந்தது. ஃபைல் சிஸ்டத்தையும் கூடவே வளர்க்கும் மைனஸ் ஆர் (-r) சேர்த்து ஒரு எல்விஎக்ஸ்டெண்ட் (lvextend) கட்டளை, சில நொடி வேலை. அன்மவுண்ட் இல்லை, எந்தச் சர்வீஸையும் நிறுத்தவும் இல்லை. எல்விஎம்மின் பொது இருப்பான வால்யூம் குரூப்பில் இன்னும் 215 ஜிபி இருக்கிறது.