புதியது ஏறிவிட்டது, பழையதைத்தான் அனுப்ப முடியவில்லை

பெங்களூரில் 66 கே.வி. (கிலோவோல்ட்) மின்சாரத்தை 11 கே.வி.யாகக் குறைக்கும் ஒரு சப்ஸ்டேஷன். அங்கிருந்த 20 எம்.வி.ஏ. (திறன் அளவு) டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 31.5 எம்.வி.ஏ. ஏற்றும் வேலை எங்கள் ஒப்பந்தக் குழுவுக்கு வந்தது. பழையது 1980களில் செய்தது. உள்ளே இருக்கும் எண்ணெயில் ஃபியூரான் (காகிதம் சிதையும்போது எண்ணெயில் கலக்கும் பொருள்) சோதனை செய்ததில், கம்பிச் சுருளில் சுற்றிய காகிதம் நைந்துபோனது தெரிந்துவிட்டது. எண்ணெயை ஃபில்டர் பண்ணலாம். காகிதத்தை ஒன்றும் செய்ய முடியாது.

புதியது பெரிய தொல்லை தரவில்லை. பி.யூ.சி. (கர்நாடகத்து பிளஸ் டூ) தேர்வு முடியட்டும் என்று எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) தர இழுத்தார்கள், அப்புறம் கொடுத்தார்கள். ராத்திரி ஓசூர் ரோடு வழியாக டிரெய்லர் வந்தது. மரத்துக்கு மரம் தொங்கும் இன்டர்நெட் கேபிள்களை மூங்கிலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் முன்னால் நடந்தார்கள். ஃபில்டர் செய்த எண்ணெய் மின்அழுத்தத் தாங்கு சோதனையில் 70 கே.வி.யைத் தாண்டியது, மின் ஆய்வாளர் அனுமதி கிடைத்தது, மின்சாரம் கொடுத்து சார்ஜ் ஆனது.

பழையதை மின் நிறுவனத்தின் ஸ்டோரில் ஒப்படைத்து ரசீது வாங்கினால்தான் பில் நகரும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஸ்டோர் குமாஸ்தா எடைமேடைச் சீட்டையும் டிரான்ஸ்ஃபார்மரின் நேம் பிளேட் (விவரத் தகடு) எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிளேட்டில் மொத்த எடை 40 டன் சொச்சம். சீட்டில் அதைவிட எவ்வளவோ குறைவு. மிச்சம் எங்கே என்றார். ரேடியேட்டர்களும் கன்சர்வேட்டரும் (மேலே இருக்கும் எண்ணெய்த் தொட்டி) வேறு லாரியில் வருகின்றன, எண்ணெய் பேரலில் இருக்கிறது என்றேன். சரி, எண்ணெயைக் காட்டு என்றார். ஐம்பதுக்கும் மேல் பேரல், ஒவ்வொன்றிலும் 209 லிட்டர். எல்லாவற்றையும் எடை போட்டால் 10 டன் போல வந்தது. ரிஜிஸ்டரிலோ 11,000 லிட்டருக்கு மேல். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்று மனிதர் கணக்குப் போட்டிருக்கிறார்! ஒரு டன்னுக்கு மேல் எண்ணெயை நாங்கள் விற்றுவிட்டோமாம்.

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் லிட்டருக்கு 0.88 கிலோ அளவில்தான் இருக்கும். எத்தனை தரம் சொல்லியும் ஏறவில்லை. "பெரியவங்க எழுதிக் கொடுத்தா பார்க்கலாம்" என்று ஃபைலை மூடிவிட்டார். எங்கள் தருமபுரி மேஸ்திரிதான் வழி சொன்னார்: "சார், வாயால சொன்னா கேக்கமாட்டாரு. பிளேட்டுல எண்ணெய்க்கு கிலோவும் லிட்டரும் தனித்தனியா போட்டிருக்கும், சுரண்டிப் பாருங்க." அந்த வரிகள்மேல் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். தின்னர் போட்டுத் துடைத்ததும் இரண்டு எண்களும் பளிச்சென்று தெரிந்தன. குமாஸ்தா கால்குலேட்டரைத் தட்டி, ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சார்ஜ் ஆனபோதுகூட வரவில்லை.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் எண்ணெய் இறக்கும் முன்பே நேம் பிளேட்டைத் துடைத்துப் படம் எடுத்துவிடுங்கள். பேரல் நிரப்பும்போது ஸ்டோர் ஆள் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். சூடான எண்ணெயை அளக்காதீர்கள்; ஆறினால் லிட்டர் குறையும், அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சைட் வாசலில் ரொக்கத்தோடு வந்து பழைய எண்ணெய் கேட்பவர்களை உள்ளேயே விடாதீர்கள். அது அபாயகரக் கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் படிவம் 10-உடன்தான் (கழிவை எடுத்துச் செல்லும் சீட்டு) போக முடியும்.

ரசீது வந்துவிட்டது, பில் வரவில்லை. காலி பேரல்கள் கணக்கில் இடிக்கிறது என்று நேற்று புதுக் கடிதம்.