அப்பாவின் போனில் 43 லட்சம் புள்ளிகள்

மே 11, ஞாயிறு

காலையில் போச்சம்பள்ளி சந்தைக்குப் போன அப்பா, பத்து மணிக்கெல்லாம் திரும்பி நேராகத் தோப்புக்குப் போய்விட்டார். மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட வரச்சொல்லி அழைத்தால் போன் அணைந்திருக்கிறது. பெங்களூரா மாங்காய் பார்க்கச் சந்தூரிலிருந்து வருவதாகச் சொன்ன வியாபாரி மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டு வேறு தோப்புக்குப் போய்விட்டாராம்.

வியாபாரி போனால் நாளை இன்னொருவர் வருவார். தக்காளிக்குத் தண்ணீர் விடும் மோட்டாரும் மொபைல் ஸ்டார்ட்டரில் ஓடுகிறதே, அதுதான் கவலை. மும்முனை மின்சாரம் வந்ததும் போனிலிருந்து அந்த ஸ்டார்ட்டர் பெட்டியின் எண்ணை அழைத்தால்தான் மோட்டார் ஓடும். போன் இல்லையென்றால், 68 வயதில் அவர் வரப்பு வழியே கிணற்றடிக்கு ஓடுகிறார். பார்க்கப் பொறுக்கவில்லை. கோடை விடுமுறை முடிந்து நான் பள்ளிக்குத் திரும்புவதற்குள் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

தம்பி பெங்களூருவில் 2019-இல் வாங்கி, ஐந்தாண்டு வைத்திருந்து அப்பாவுக்குக் கொடுத்த போன் அது. இரவு அவனிடம் பேசினேன். “ரெசல்யூஷனை, அதாவது திரையில் படம் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடு அக்கா. புள்ளி குறைந்தால் சார்ஜும் குறைவாகத்தானே போகும்” என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அமைப்புகளில் மூன்று நிலைகள் இருந்தன: 3040×1440, 2280×1080, 1520×720. கடைசியைத் தொட்டேன். பெருக்கிப் பார்த்தால் 43,77,600 புள்ளிகள் 10,94,400 ஆகின்றன. சரியாகக் கால் பங்கு.

மே 12, திங்கள்

இன்று இரண்டு மணிக்கு அணைந்தது. நேற்றைவிட அரை மணி நேரம் கூடுதல் என்று மகிழப் பார்த்தேன். ஆனால் நேற்று சந்தையில் பத்துப் பேரிடமாவது பேசியிருப்பார். இன்று நாலைந்து அழைப்புகள்தான். எதனால் மிச்சமானது என்று எப்படிச் சொல்வது?

மாலையில் அப்பா போனில் செய்தித்தாள் படித்தார். கையை நீட்டினார், மடக்கினார், மீண்டும் நீட்டினார். “கண்ணாடியை மாற்றணும் போல இருக்கிறது, கண்ணு” என்றார். வாங்கிப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ‘ஞ’வின் உள்சுழி மாவு அப்பியதுபோல் அடைத்துக்கொண்டிருந்தது. மெய்யெழுத்துகளின் புள்ளிகள் தனியாக நிற்காமல் தலையோடு ஒட்டிக் கிடந்தன. பக்கத்திலேயே இருந்த ஆங்கில விளம்பரத்தில் இவ்வளவு குழப்பம் தெரியவில்லை. நம் எழுத்தில் சுழிகள் அதிகம். மங்கினால் முதலில் அடைபடுவது அவைதாம். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. நேற்று இரவு நான் செய்த வேலை அது.

மே 14, புதன்

ஊகம் போதும் என்று இன்று முழுக்க அளந்தேன். ஏரோப்ளேன் மோடில் போட்டு, வெளிச்சம் தானாக மாறுவதை நிறுத்தி, சரிபாதியில் வைத்தேன். போனிலேயே சேமித்திருந்த ஒரே வீடியோ, ஒவ்வொரு முறையும் முழு சார்ஜிலிருந்து இரண்டு மணி நேரம்.

1520×720-இல் 100-லிருந்து 83-க்கு வந்தது. 3040×1440-இல் 82-க்கு.

ஒரே ஒரு சதவீதம்! அதுவும் எண் மாறும் விளிம்பில் நின்று காட்டிய வித்தியாசமாக இருக்கலாம்.

மூன்றாவது முறை, திரையை மீண்டும் 1520×720-க்கே குறைத்து, வெளிச்சத்தை மட்டும் முழுதாக ஏற்றினேன். இரண்டு மணி நேரத்தில் 68. அம்மா இரண்டாம் முறை காபி கொண்டுவந்து வைத்ததைக்கூடக் கவனிக்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 15, வியாழன்

காரணத்தை எழுதி வைக்கிறேன். திரையின் புள்ளிகள் தொழிற்சாலையில் பதித்தவை. அமைப்பை மாற்றுவதால் அவற்றில் ஒன்றுகூடக் கழன்று விழுவதில்லை. 43 லட்சமும் அங்கேயேதான் இருக்கின்றன, அத்தனையும் எரிகின்றன. முன்பு ஆளுக்கொரு நிறம் காட்டியவை, இப்போது நான்கு நான்காகச் சேர்ந்து ஏறக்குறைய ஒரே நிறத்தைக் காட்டுகின்றன. திருக்கார்த்திகைக்கு வரிசையாக ஏற்றிய அகல்களில், நாலு அகலுக்கு ஒரே சுடர் போல எரியச் சொன்னால் எண்ணெய் மிச்சமாகுமா? திரியைத் தாழ்த்தினால்தான் ஆகும். போனில் திரி என்பது வெளிச்சம்.

குறைவது படம் வரையும் சில்லின் வேலை. சிறிய படமாக வரைந்து, பிறகு திரையின் அளவுக்குப் பெரிதாக்கிவிடுகிறது. செய்தித்தாளின் பக்கமோ குறுஞ்செய்தியோ ஒருமுறை வரைந்தால் அப்படியே நிற்கும். விரல் நகர்த்தும்வரை மறுபடி வரைய வேண்டியதே இல்லை. இல்லாத வேலையைக் கால் பங்காக்கி என்ன லாபம்?

ஆனாலும் தம்பி சொன்னதை முழுதாகத் தள்ள மனம் வரவில்லை. 2017-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்8 போனின் திரை 2960×1440. பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது 2220×1080-இல்தான் இருக்கும். வேண்டுமென்றால் நாமே ஏற்றிக்கொள்ளலாம். எங்கோ சிறிது பலன் இருக்கத்தான் வேண்டும்.

அப்பாவின் போனை முழுத் தெளிவுக்கே மாற்றிவிட்டேன். காலையில் கையை நீட்டாமல் படித்தார்.

மே 17, சனி

பலன் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. தம்பி குடும்பத்தோடு வந்திருக்கிறான். அவன் மகன் கார் பந்தய விளையாட்டில் மூழ்கிக் கிடப்பவன். “அத்தை, நான் ஓட்டிக் காட்டட்டுமா?” என்று அவனே கேட்டான். முழுத் தெளிவில் ஒரு மணி நேரத்துக்கு 27 சதவீதம் போனது, 1520×720-இல் 21. போனின் முதுகும் முன்பு சுட்டதுபோல் சுடவில்லை. விளையாட்டில் ஒவ்வொரு கணமும் புதிய படம். மரம், சாலை, நிழல் எல்லாவற்றையும் ஓயாமல் வரைய வேண்டும். அங்கே புள்ளி குறைந்தால் உழைப்பும் குறைகிறது. சில விளையாட்டுகள் தமக்கென்று ஓர் அளவை வைத்துக்கொண்டு வரைபவை. அவற்றில் இந்த அமைப்பை மாற்றியும் பெரிய பயன் இருக்காது.

தம்பி எண்களைப் பார்த்துவிட்டு, “அப்படியானால் அப்பாவுக்கு எங்கேதான் போகிறது?” என்றான். நல்ல கேள்வி.

மே 18, ஞாயிறு

அப்பாவோடு நாள் முழுதும் தோப்பில் இருந்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பதினொரு மணி வெயிலில் போனை எடுத்தார். திரை பளீரென்று எரிந்தது. தானியங்கி வெளிச்சத்தில் இருப்பதால், கையால் வைக்கக்கூடிய உச்சத்தையும் தாண்டி வெயிலில் ஏறுகிறது. பேசி முடித்து, அழைப்பைத் துண்டிக்காமலே சட்டைப் பையில் போட்டார். எதிர்முனையில் இருந்தவர்தான் துண்டித்தார். மெல்லிய வெள்ளைத் துணிக்குள் திரை எரிந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அணைவதாக இல்லை. வாங்கிப் பார்த்தால், தொடாமல் விட்டால் 10 நிமிடம் கழித்து அணையும்படி வைத்திருக்கிறது. தம்பி என்றோ தன் வசதிக்கு வைத்தது.

இன்னொன்று சிக்னல். தோப்பு குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. ஒரு கோடு வரும், போகும். கோபுரம் தொலைவாக இருந்தால் போன் உரக்கப் பேச வேண்டும், அதாவது கூடுதல் சக்தியோடு ஒலிபரப்ப வேண்டும். சிக்னல் அறுந்தபோதெல்லாம் தேடித் துழாவ வேண்டும். பேட்டரி கணக்கைத் திறந்தேன். முதலிடத்தில் திரை, அடுத்து மொபைல் நெட்வொர்க். நான் ஒரு வாரம் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்!

மே 19, திங்கள்

10 நிமிடத்தை 30 நொடியாக்கினேன். தோப்பில் இருக்கும்போது டேட்டாவை அணைக்கக் கற்றுக்கொடுத்தேன். அங்கே அவருக்கு வேண்டியது அழைப்பு மட்டும்தான்.

கறுப்புப் பின்னணியையும் போட்டுப் பார்த்தோம். இது ஓஎல்இடி திரை. கறுப்பாக உள்ள இடத்தில் புள்ளி எரிவதே இல்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021-இல் சொன்ன கணக்குப்படி, இவ்வகைத் திரையில் முழு வெளிச்சத்தில் கறுப்புப் பின்னணிக்கு மாறினால் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மின்சக்தி மிச்சம். வெளிச்சம் 30 முதல் 50 சதவீதம் இருந்தால் 3 முதல் 9 தான். ஆக, வெயிலில்தான் லாபம் அதிகம். அதே வெயிலில்தான் கறுப்பின்மேல் வெள்ளை எழுத்து அப்பாவுக்குத் தெரிவதே இல்லை. அரை மணி நேரத்தில் பழையபடி மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றிவிட்டேன். படிக்க முடியாத போனில் சார்ஜ் இருந்து என்ன செய்ய?

மே 22, வியாழன்

கிருஷ்ணகிரியில் பேட்டரியை மாற்றினோம். ஆறாண்டுப் பழசு. லித்தியம் பேட்டரி ஏற்றி இறக்க இறக்கக் கொள்ளளவு தேயும். வெப்பம் அதை இன்னும் விரைவுபடுத்தும். மே மாத வெயிலில் தோப்பில் கிடக்கும் போனுக்குக் கேட்கவே வேண்டாம்.

மே 25, ஞாயிறு

சந்தை, தோப்பு, இரண்டு வியாபாரிகள், அக்கா வீட்டுக் கல்யாணப் பேச்சு ஒரு மணி நேரம். திரை முழுத் தெளிவில். மாலை ஏழு மணிக்கு 46 சதவீதம்.

ஏழே காலுக்கு மின்சாரம் வந்தது. அப்பா திண்ணையில் சாய்ந்தபடியே ஸ்டார்ட்டரின் எண்ணை அழைத்தார். மோட்டார் ஓடுகிறது என்று பெட்டி பதில் சொன்னது. போனை மடியில் வைத்துவிட்டு, “சாப்பாடு எடுத்து வை, கண்ணு” என்றார்.