புதினா: தண்டிலிருந்து தேநீர் வரை, 61 நாள் குறிப்பு

நாள் 0. பூ வராத இளந்தண்டு ஆறு, ஒவ்வொன்றும் 10 முதல் 12 செ.மீ. கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, அடியில் இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டுக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தியாயிற்று. வேர் முக்கியமாகக் கணுவில்தான் கிளம்பும் என்பதால் அந்த இரண்டும் நீருக்குள் இருக்க வேண்டும். விதை போடுவது வீண்வேலை. புதினா வகைகள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும். தாய்ச்செடியின் மணம் விதைச்செடியில் வருமென்று சொல்ல முடியாது.

நாள் 4. ஒரு தண்டு அழுகிவிட்டது. கிள்ளாமல் விட்ட ஓர் இலையின் நுனி நீரில் முங்கியதுதான் காரணம். இலை கொழகொழத்து, அங்கிருந்து தண்டும் கறுத்தது. அதை எறிந்து தம்ளரைக் கழுவி, இனி இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றம்.

நாள் 9. மற்ற ஐந்திலும் 3 செ.மீ. வேர். 25 செ.மீ. அகலத் தொட்டிக்கு மாற்றம். இன்னும் நீள விட்டால் வேர்கள் பின்னிக்கொள்ளும். நீரில் விட்ட வேர் மண்ணில் பதிக்கும்போது பட்டென்று ஒடியும். முதல் மூன்று நாள் செடி தலை தொங்கும். அதைப் பார்த்துவிட்டுக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தப்பு. நிழலில் வைத்தாலே நிமிர்ந்துவிடும்.

நாள் 24. 15 செ.மீ. உயரம். நுனி கிள்ளியாயிற்று, பக்கக் கிளை வரும்.

நாள் 52. மொட்டு தலைகாட்டியது. இலையில் எண்ணெய் அதிகம் இருப்பது பூக்கத் தொடங்கும் இந்தக் கட்டத்தில்தான். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு, தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு அறுவடை. தண்டோடு 90 கிராம். அதை மூன்று பங்காக்கி மூன்று விதமாக உலர்த்திப் பார்த்ததில்:

வெயிலில் காய்ந்த 30 கிராம் ஒரே நாளில் நொறுங்கியது. ஆனால் பழுப்பேறி, வைக்கோல் வாசனைதான் மிச்சம். கட்டித் தொங்கவிட்ட பங்கு வெளியே பச்சை. நடுவில், கயிறு இறுக்கிய இடத்தில் இலைகள் கறுத்திருந்தன. கழுவிய ஈரத்தைத் துணியில் ஒற்றாமல் கட்டியதன் பலன். நிழலில் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பிய பங்குதான் தேறியது. 5 நாள் ஆனது, நிறம் போகவில்லை, 30 கிராம் 5 கிராமுக்குச் சற்று மேலாகச் சுருங்கியது. மணம் தரும் எண்ணெய், இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. சூடு ஏறினால் அதுதான் முதலில் பறக்கும். ஓவனில் வைத்து உலர்த்துவதானாலும் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.

இலை நொறுங்குவதை மட்டும் பார்த்து டப்பாவில் அடைக்க வேண்டாம். காம்பு வளையாமல் சட்டென்று முறிய வேண்டும். பிறகு கண்ணாடிச் சீசாவில் ஒரு நாள் மூடி வைத்து உள்சுவரைப் பார்க்கவும். ஆவி படிந்திருந்தால் மறுபடி தட்டுக்கு. இல்லாவிட்டால் பூஞ்சை நிச்சயம். முழு இலையாகவே வைத்து, போடும்போது மட்டும் கசக்கினால் மணம் பல மாதம் நிற்கும்.

நாள் 58. தேநீர். உலர்ந்த இலை 1.5 கிராம், கொதித்து இறக்கிய நீர் 200 மி.லி., மூடி போட்டு 7 நிமிடம். மூடியைத் திருப்பி முகர்ந்தால் அதில் நிற்கும் துளிகளில் மணம் ஏறியிருப்பது தெரியும். மூடாமல் வைத்த இரண்டாவது கோப்பையில் அது அத்தனையும் காற்றோடு போயிற்று. இலையைப் போட்டே கொதிக்கவைத்த மூன்றாவது கோப்பை கசந்தது.

இனி பயன் பற்றி. புதினாவுக்குச் சொல்லப்படும் குணங்களில் பாதி வேறொரு புதினாவுடையவை. சமையல் தொட்டியில் பெரும்பாலும் இருப்பது ஸ்பியர்மின்ட். அதன் மணத்துக்குக் கார்வோன் என்ற பொருள் காரணம், மென்தால் அதில் மிகக் குறைவு. பெப்பர்மின்டில்தான் மென்தால் அதிகம். ஓர் இலையை மென்று, வாய் திறந்து காற்றை உள்ளிழுத்தால் தெரிந்துவிடும்: தொண்டை வரை சில்லென்று ஏறினால் பெப்பர்மின்ட். இந்தத் தொட்டிச் செடியில் ஏறவில்லை.

மென்தாலின் குளிர்ச்சி உண்மைக் குளிர்ச்சி அல்ல. குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற நரம்பு வாயிலை அது திறந்துவிடுகிறது. அந்த வாயிலைக் கண்டறிந்தவர்களில் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூக்கடைப்புக்கு மென்தால் போட்டு ஆவி பிடிக்கும்போது மூச்சு எளிதாவதுபோல் தோன்றுவதும் இதனால்தான். அடைப்பின் அளவு அதனால் குறைவதில்லை. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிவதில் வெந்துபோகும் அபாயம் வேறு.

வயிற்று உப்புசத்துக்குப் புதினாத் தேநீர் குடிப்பது நெடுங்காலப் பழக்கம். அதில் விஷயம் இருக்கிறது: மென்தால் குடலின் தசையைத் தளர்த்தும். எரிச்சல் குடல் நோய்க்கு ஆய்வுகளில் பலன் காட்டியது, குடலில் போய்க் கரையும் உறையிட்ட பெப்பர்மின்ட் எண்ணெய் மாத்திரை. ஒரு கோப்பைத் தேநீரை, அதிலும் ஸ்பியர்மின்டை, அதற்கு ஈடாக வைக்க முடியாது. உணவுக்குப் பின் இதமாக இருக்கும், அவ்வளவுதான். அதே தளர்ச்சி உணவுக்குழாயின் கீழ்வாயிலுக்கும் நேரும் என்பதால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா தொல்லையைக் கூட்டலாம். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கவும். இலையிலுள்ள பாலிபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கைக்குழந்தையின் முகத்தருகே மென்தால் எண்ணெயோ தைலமோ வேண்டவே வேண்டாம், மூச்சு தடைபடலாம்.

நாள் 61. வெட்டிய அடிக்கட்டையில் கணுவுக்கு இரண்டாகத் துளிர். தொட்டி விளிம்பில் ஓர் ஓடுதண்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. அதை நறுக்கித் தம்ளரில் போட்டாயிற்று. தரை மண்ணைத் தொட்டால் பிறகு பிடுங்கி மாளாது.