வாடைக்கு ஒரு தட்டி

நேற்று சாயங்காலம் ஐந்தேகாலுக்கே நாலு கோழியும் அடைந்துவிட்டன. டிசம்பர் கடைசியில் டெல்லியில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும், அதனால் நம்மைவிட அவைதான் முதலில் உஷாராகின்றன. ஒவ்வொன்றின் இறக்கைக்கு அடியிலும் கைவிட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. சாக்கை இறக்கிக் கட்டிவிட்டு உள்ளே வந்தேன். ஆறாவது வருடமாக இதே வேலை. முதல் வருடம் செய்த கூத்தை நினைத்தால் மட்டும் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீடு மயூர் விகார் ஃபேஸ் 3-ல் ஒரு டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணையம்) குடியிருப்பின் தரைத்தளம். பின்னால் எட்டுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு முற்றம். 2020 பிப்ரவரியில் காங்கேயத்திலிருந்து ஒரு மாதத்துக்கென்று வந்த அம்மா, ஊரடங்கில் இங்கேயே மாட்டிக்கொண்டார். அந்த முற்றத்தைப் பார்த்துப் பார்த்து, "இத்தனை எடத்தச் சும்மா போட்டு வெச்சிருக்கியே சாமி" என்று நச்சரித்து, கடைசியில் தீபாவளிக்கு முன்னால் ஐந்து பெட்டைக்குஞ்சுகளை வாங்க வைத்துவிட்டார். காஜிப்பூர் பக்கம் ஒருவர் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். சேவல் வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். மாடியில் இருக்கும் பஞ்சாபி ஆன்ட்டியின் தூக்கத்தோடு விளையாடும் தைரியம் எனக்கு இல்லை.

முற்றத்துக்கு மூன்று பக்கமும் சுவர் இருப்பதால் காற்று வராது என்று நினைத்தேன். அதுதான் முதல் தப்பு. எங்கள் பிளாக்குக்கும் அடுத்த பிளாக்குக்கும் நடுவில் ஒரு சந்து போகிறது. டெல்லியில் குளிர்காலக் காற்று வடமேற்கிலிருந்து வரும். மலையில் பனி கொட்டி, மழை மேகம் விலகிய மறுநாள் அது இன்னும் மோசம். தெருவில் சாதாரணமாக வரும் காற்று அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் விசிலடித்துக்கொண்டு ஓடி, எங்கள் சுவரைத் தாண்டி நேராகக் கோழிக்கூட்டின் மேல் விழும்.

சரி, மூடிவிடலாம் என்று ஹார்டுவேர் கடையில் நீல பாலித்தீன் ஷீட் வாங்கி வந்து, மேலே கீழே பக்கவாட்டில் எல்லாம் சுற்றி, ஓரத்தில் செங்கல் வைத்து அழுத்தினேன். பார்சல் மாதிரி இருந்தது. பெருமையாகப் படம் எடுத்து வாட்ஸாப்பில்கூடப் போட்டேன். அம்மா மட்டும், "மூட்டையாட்டம் கட்டி வெச்சா அதுக மூச்சு எங்க விடும்?" என்றார். உங்கள் ஊர் மார்கழி வேறு, இந்த ஊர் குளிர் வேறு என்று பதில் சொல்லிவிட்டேன்.

2021 ஜனவரி 1. டெல்லியின் முக்கிய வானிலை நிலையமான சப்தர்ஜங்கில் அன்று காலை 1.1 டிகிரி. ஏழரை மணிக்குப் போய் ஷீட்டைத் தூக்கினேன். உள்ளிருந்து வந்த நெடியில் கண் எரிந்தது. ஷீட்டின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர், என் கைபட்டதும் கோழிகளின் முதுகில் பொலபொலவென்று கொட்டியது. கீழே போட்டிருந்த வைக்கோல் களிமண்ணாகியிருந்தது. புள்ளிக்கோழி மூலையில் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டியில் துணி போட்டுக் குளியலறையில் வைத்தோம். மருந்தும் கொடுத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் போய்விட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி. இறகைச் சிலிர்த்து, இடுக்கில் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் கம்பளி. காற்று வேகமாக அடித்து இறகைக் கலைத்தாலும் கம்பளி போச்சு, ஈரம் ஏறினாலும் போச்சு. நான் காற்றை நிறுத்தி ஈரத்தை உள்ளே விட்டிருக்கிறேன். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஐந்து கோழி விடும் மூச்சு வேறு. எல்லாம் ராத்திரி முழுக்க அந்த ஷீட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. அந்தக் கண்ணெரிச்சல் எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா. அதுதான் புள்ளிக்கோழியின் மூச்சுக்குழாயைக் கெடுத்திருக்கும். குளிர் மட்டும் என்றால் தாங்கியிருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பாலித்தீனை அவிழ்த்து எறிந்துவிட்டு, அம்மா சொன்னபடி, காற்றுக்கு மறைப்பாகத் தட்டி கட்டும் வேலையில் இறங்கினேன். எங்கே கட்டுவது என்று தெரிய ஒரு வேலை செய்தோம். காற்று அடிக்கும் நேரமாகப் பார்த்து, ஊதுபத்தியைக் கொளுத்தி, கோழி உட்காரும் உயரத்தில் பிடித்துக்கொண்டு கூட்டைச் சுற்றி வந்தேன். சுவருக்கு ஒட்டினாற்போல் புகை நேராக எழும்பியது. இரண்டு அடி தள்ளி, சரியாகக் கூட்டின் நடுவில், புகை கீழே குத்திட்டு விழுந்து சுருண்டது. சுவர் மேல் ஏறிக் குதிக்கும் காற்று அங்கேதான் இறங்குகிறது. மேலே பால்கனியில் துணி காயப்போட வந்த ஆன்ட்டி, ஜனவரி மாசத்தில் கோழிக்கூட்டுக்கு ஆரத்தி எடுக்கும் மதராஸியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

முழு மறைப்பாக எதைக் கட்டினாலும் காற்று அதன் மேல் ஏறி இப்படித்தான் மறுபக்கம் விழும். பாதி விட்டுப் பாதி தடுக்கும் மறைப்பு என்றால் காற்று சல்லடையில் சலிப்பதுபோல் அதற்குள் புகுந்து வந்து வேகம் குறைந்துவிடும். ஊரில் பனையோலைத் தட்டி செய்வது அதைத்தான். இங்கே ஓலைக்கு எங்கே போக? நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை நெட்டை இரண்டு மடிப்பாக, மூங்கில் நட்டு, சுவருக்கு மேலே மூன்று அடி நிற்கும்படி கட்டினேன். கூட்டின் வடக்கு, மேற்குப் பக்கங்களில் தரையிலிருந்து கோழி உட்காரும் தலை உயரம் வரை மட்டும் சணல் சாக்கு. அதற்கு மேலே, கூரைக்கு அடியில், ஒரு சாண் கம்பிவலை வருடம் முழுக்கத் திறந்தே இருக்கும். தென்கிழக்குப் பக்கம் மொத்தமும் திறப்பு, காலை வெயில் வர வழி. மறுபடி ஊதுபத்தி பிடித்தேன். கோழி உட்காரும் இடத்தில் புகை சும்மா நெளிந்தது. மேலே ஒரு சாண் சந்தில் மெதுவாக வெளியே போனது. போதும்.

கூரை மட்டும் நீர் புகாததாக வேண்டும். பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் பழைய ஃபிளெக்ஸ் பேனர் கிடைத்தது. தேர்தல் பேனர். கும்பிட்டபடி இருக்கும் வேட்பாளரின் முகம் உள்பக்கமாக வந்துவிட்டது. ஐந்து வருடமாக நாலு வாக்காளர்களை விடாமல் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

உட்காரும் குச்சியையும் மாற்றினேன். உருண்டைக் கம்புக்குப் பதிலாக நாலு அங்குல அகலப் பலகை. பலகையில் பாதம் தட்டையாக இருக்கும், வயிற்று இறகு விரல் மேல் கவிழ்ந்துகொள்ளும். இப்போது இருப்பதில் ஒன்று மொட்டைக்கழுத்து, கழுத்தில் இறகே கிடையாது. அது தினமும் கருப்பிக்கும் செவலைக்கும் நடுவில் முண்டிக்கொண்டு இடம் பிடித்துவிடும். அதற்குத் தெரிந்திருக்கிறது.

தரைக்கு வைக்கோலை விட்டுவிட்டேன். தச்சுப்பட்டறையில் இழைப்புளி போட்ட மரச்சுருள் சும்மாவே தருகிறார்கள். மாவு மாதிரித் தூள் வேண்டாம், தூசி கோழிக்கும் ஆகாது எனக்கும் ஆகாது. சுருளை அரையடி உயரம் போட்டு, சாயங்காலம் உடைத்த மக்காச்சோளமும் கம்பும் ஒரு கைப்பிடி தூவினால் அவையே கிளறி உலர்த்திவிடும். அந்தத் தீனி ராத்திரி செரிக்கும்போது உடம்புக்குச் சூடும் கொடுக்கும். மூடுபனி நாள்களில் ஒரு வாரம் வெயிலே வராது. அப்போது ஈரமான இடத்தை வாரி எறிந்துவிட்டுக் கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் கலந்து புதுச்சுருள் போடுவேன். மூக்கை வைத்துப் பார்ப்பேன். நெடி தெரிந்தால் அன்றைக்கே வேலை, நாளைக்கு என்று தள்ளுவதில்லை.

பிளாக் காவலாளி ஒவ்வொரு வருடமும் அங்கீட்டி (கரி அடுப்பு) ஒன்று கூட்டுக்குள் வைக்கச் சொல்வார். அக்கறையில்தான். ஆனால் மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கி இறந்தவர்கள் செய்தி ஒவ்வொரு குளிருக்கும் இந்த ஊர்ப் பேப்பரில் வருகிறது. மனிதனுக்கே அப்படியென்றால் கோழி எம்மாத்திரம். பல்பும் போடுவதில்லை. பல்பு போட்டால் வெளிச்சம் நீண்டு முட்டை வரும் என்கிறார்கள், உண்மைதான். பதினாலு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும், இப்போது பத்தேகால்தான் இருக்கிறது. இரண்டு மாதம் முட்டை இல்லையென்றால் கடையில் வாங்கிக்கொள்கிறோம். மரச்சுருளுக்கு மேல் சூடான பல்பு தொங்குவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

மேலே வலை போட்டது குளிருக்காக இல்லை. அதே 2021 ஜனவரியில் எங்கள் பகுதிப் பூங்காவில் காக்கைகள் செத்து விழுந்து, பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது. சஞ்சய் ஏரி வாத்துகளுக்கும் வந்தது. காஜிப்பூர் கோழிச் சந்தையைப் பத்து நாள் மூடினார்கள். அன்றிலிருந்து காக்கை, புறா எதுவும் தீனித்தட்டில் வாய் வைக்க முடியாதபடி சின்னக் கண் வலை. அந்த மாதம் முழுக்க அம்மா கோழி பக்கம் போய்வந்து கை கழுவியதைப் பார்த்தால், கொரோனாவுக்குக்கூட அப்படிக் கழுவவில்லை.

ஹோலி தாண்டியதும் சாக்கை அவிழ்த்துவிடுவேன். பச்சை நெட் அப்படியே நிற்கும். மே மாதம் லூ காற்று அனலாக வரும்போதும் அது தேவைப்படுகிறது. அப்போது மறுபடி சாக்கைக் கட்டித் தண்ணீர் தெளித்துவிட்டால் கூடு குளுகுளுவென்று ஆகிவிடும். இந்த வருடம் மேற்குப் பக்கச் சாக்கில் எலி ஒரு ஓட்டை போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தைக்க வேண்டும். அம்மா இப்போது ஊரில்தான் இருக்கிறார். ராத்திரி போன் பண்ணினால் என்னைக் கேட்பதற்கு முன்னால், "கோழியெல்லாம் அடஞ்சிருச்சா?" என்பார்.